அலமாரிக்குள் இருந்தவன்

எங்கள் சமுதாயக் கூடத்தில் எந்த நாடகம் போட்டாலும் மேடையில் ஓர் அலமாரி இருக்கும். கதை காட்டில் நடந்தாலும் இருக்கும், பேருந்து நிலையத்தில் நடந்தாலும் இருக்கும். ஒருமுறை கப்பல் தளத்தில் நடக்கும் கதை ஒன்றைப் போட்டார்கள். அங்கேயும் இருந்தது. புதிதாக வருகிறவர்கள்தான் அதைப் பார்த்து முழிப்பார்கள். இரண்டு நாடகம் பார்த்துவிட்டால் அவர்களுக்கும் அது கண்ணில் படாது.

அந்தக் கூடம் நாடகத்துக்காகக் கட்டியதில்லை. காலையில் பூப்பந்து ஆடுகிறார்கள், பிற்பகலில் தையல் வகுப்பு நடக்கிறது. மேடைக்கு வலப்பக்கம் ஒரு சின்னக் கதவு, இடப்பக்கம் வெறும் சுவர். ஒதுங்கி நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்க இடமில்லை. அதனால் ஒட்டுப்பலகையில் ஓர் அலமாரி செய்து, பிராம்ப்ட்டரை அதற்குள் உட்காரவைத்தார்கள். உள்ளே ஒரு முக்காலி, ஒரு கைவிளக்கு. கதவில், உட்கார்ந்தால் வாய்க்கு நேராக, வரிசையாகத் துளைகள். தாழ்ப்பாள் என்றோ உடைந்துவிட்டது. மேடைப் பலகை முன்பக்கம் சரிந்திருப்பதால் விட்டால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அதற்காக உட்புறம் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே இருப்பவர் மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் அந்தக் கயிற்றை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். திரை திறக்கும் முன் உள்ளே போனால் இடைவேளைக்குத்தான் வெளியே வரலாம்.

ஒரு சனிக்கிழமை மாலை நான் அதற்குள் உட்கார்ந்திருந்தேன். அன்று நடந்ததைப் பலர் பலவிதமாகப் பேசுகிறார்கள். உள்ளே இருந்தவன் நான். ஆகவே எழுதுகிறேன்.

முப்பத்தாறு ஆண்டு எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தேன். கடை கடையாகப் போய்ப் படிக்கல்லையும் தராசையும் சோதித்து முத்திரை போடுகிற வேலை. நான் முத்திரை போட்ட தராசைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை. தெருவில் என்னைத் 'தராசு' என்பார்கள், முகத்துக்கு நேராக 'சார்' என்பார்கள். இரண்டும் எனக்குத் தெரியும். தராசு என்பதை நான் ஏச்சாக எடுத்துக்கொண்டதில்லை.

என் தங்கை என்னைவிட ஆறு வயது இளையவள். அவளுக்கு அறுபத்தெட்டு ஆகியும் வீட்டில் அவள் 'பாப்பா'தான். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். இருநூறு முன்னூறு எண்களை ஏடு பார்க்காமல் சொல்வாள். திருமணம் ஆகவில்லை. என் மனைவி போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன, பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் பாப்பாவும்தான்.

அவளுக்கு ஏன் திருமணம் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் நினைவு பிசகியது. ஒருநாள் பட்டப்பகலில் உள்பாவாடையோடு தெருவில் இறங்கி, தன் வீடு எது என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் கேட்டாள். அடுத்த வாரம் பாப்பாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. அவர்கள் சொல்லி அனுப்பிய வார்த்தையை நான் எழுதமாட்டேன். பிறகு வந்த இரண்டு இடங்களும் அந்த வார்த்தை காதில் விழுந்துதான் திரும்பிப் போயின. எங்கள் வீட்டைச் சுட்டி 'அந்த வீடு' என்று சொல்வதை இந்தத் தெரு நிறுத்த இருபது ஆண்டு ஆயிற்று. அந்த இருபது ஆண்டும் நான் நிமிர்ந்தே நடந்தேன். யாரிடமும் எதையும் கேட்கவில்லை, யாருக்கும் எதையும் விளக்கவில்லை. 'தராசு வீடு' என்று பெயர் மாறியது. அதை நான் சம்பாதித்தேன்.

பாப்பா நாடகத்தில் சேர்ந்தது அம்மா இறந்த பிறகு. எனக்கு அதில் விருப்பமில்லை. ஆனாலும் கூடம் கௌரவமான இடம், குழுவில் இருந்தவர்களும் வேலை வெட்டி உள்ள ஆட்கள், ஆகவே தடுக்கவில்லை. முப்பது ஆண்டாக அவள் நடிக்காத நாடகம் அங்கே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் போவேன், மூன்றாம் வரிசையில் ஓரமாக உட்காருவேன், முடிந்ததும் கதவருகே அவளுக்காகக் காத்திருப்பேன். நன்றாக இருந்தது என்று நான் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் அழைப்புமணி அடித்தது. பாப்பா போய்க் கதவைத் திறந்து, சிலிண்டர் கொண்டுவந்தவனிடம், "நம்பர் ப்ளீஸ்," என்றாள். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். வேலைப் பழக்கம் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்துச் சமையலறையில் தீப்பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்கு அண்ணா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே, "சும்மா கேட்டேன், போ," என்று அடுப்பைப் பற்றவைத்தாள். 

எங்கள் தெரு முனையில் மருந்துக்கடை இருக்கிறது. கடை நடத்தும் அம்மாள்தான் நாடகக் குழுவுக்கு டைரக்டரும். பக்கத்து மருத்துவர் எழுதும் சீட்டு அவள் கடைக்குத்தான் வரும் என்று அவரிடம் போகவில்லை. இரண்டு பேருந்து மாறித் தூரத்தில் ஒருவரைப் பார்த்தோம். அவர் படம் எடுத்தார், கேள்வி கேட்டார், நான் எதிர்பார்த்ததையே சொன்னார். மாத்திரையையும் அங்கேயே வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பழைய சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைத்தேன். பாப்பாவிடம் எலும்புக்கு என்றேன். "சரி," என்றாள். ஏன் எலும்புக்குப் படம் எடுக்கத் தலையைக் குழாய்க்குள் விட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை.

நாடகத்தை நிறுத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன். முப்பது ஆண்டு நின்ற மேடையிலிருந்து ஒருத்தி திடீரென்று இறங்கினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அவளும் ஒத்திகைக்குப் போகும் நாட்களில்தான் சற்றுத் தெளிவாக இருந்தாள். அந்தச் சமயம் பார்த்து, வழக்கமாகப் பிராம்ப்ட்டராக உட்காரும் தையல்காரம்மா மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போனாள். நான் கூடத்துக்குப் போய், "அந்த இடத்துல நான் உட்கார்றேன்," என்றேன்.

ஒத்திகை அப்படியே நின்றது. விளக்குகளைக் கவனிக்கும் எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"யாரு, சாரா? அலமாரிக்குள்ளயா?"

"ஏன், நான் உள்ள போகமாட்டேனா?"

"போவீங்க சார். உள்ள நிமிந்து உட்காந்தா மேல்பலகை இடிக்கும். குனிஞ்சு பழக்கமிருக்கான்னு கேட்டேன்."

"நீ பல்பைப் பாரு," என்று டைரக்டர் அவனை அடக்கினாள். பிறகு என்னைப் பார்த்து, "வாங்க சார். ரொம்ப நல்லதாப் போச்சு," என்றாள். அந்த முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் அப்போது மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

நாடகம் வீட்டை விற்கும் ஒரு தாயைப் பற்றியது. மூத்த மகன் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான். இளையவன் வீட்டை விற்றுவிடலாம் என்கிறான். மூன்றாம் காட்சியில், வீட்டை அளக்க வந்தவர்கள் கிளம்பியதும், தாய் தனியாக நின்று வெறும் வீட்டிடம் பேசுகிறாள். 'நீளம் எழுதினாங்க, அகலம் எழுதினாங்க. நான் இங்க இருந்ததை எதுல எழுதுவாங்க?' என்று ஒரு வரி. அளக்க முடியாதது என்று ஒன்று இருப்பதை நான் எளிதில் ஒப்புக்கொள்கிறவன் அல்ல. இருந்தாலும் பாப்பா அதைச் சொல்லும்போது கேட்க நன்றாக இருக்கும்.

நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள், அந்தப் பேச்சு புத்தகத்தில் அடிக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். பக்கத்தில் பென்சிலில் வேறு மாதிரி எழுதியிருந்தது. இளைய மகனாக நடிப்பவர் நகரப் பேருந்து டிரைவர். வசனத்தில் பாதி அவருக்குப் போயிருந்தது. அவர் கேட்க, பாப்பா 'ஆமா' என்றோ 'இல்ல' என்றோ சொல்ல வேண்டும்.

"மூணாம் காட்சியில இருபத்திரண்டு வரி இருந்துச்சு. இப்ப அஞ்சுதான் இருக்கு," என்றேன்.

"எண்ணிட்டீங்களா சார்?" என்றார் டிரைவர்.

"எண்ணுறதுதான் என் தொழில்."

"பிரிச்சுப் போட்டிருக்கேன் சார்," என்றாள் டைரக்டர். "அவர் கேக்குறாரு, அக்கா பதில் சொல்றாங்க. விறுவிறுப்பா இருக்கும்."

"முப்பது வருஷமா இங்க நிக்கிறவ. அவ வாயில இருந்து வசனத்தப் பிடுங்கி அடுத்தவருக்குக் குடுக்குறதுதான் நீங்க அவளுக்குக் காட்டுற மரியாதையா?"

"எனக்கு வேணாம் சார், நீங்களே வச்சுக்குங்க," என்றார் டிரைவர். "ஸ்டேரிங்கப் பிடிச்சாப் போதும் எனக்கு. பேசுறதுக்குக் கண்டக்டர் இருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. டைரக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், பாப்பாவிடம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க."

பாப்பா சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

இருபத்திரண்டு வரியும் திரும்பி வந்தன. நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

அதன் பிறகு மூன்று வாரம் வீட்டில் அவளைப் பழக்கினேன். காலையில் தட்டாமல் சொல்வாள். மாலையில் வரிகள் இடம் மாறும், அகலம் முன்னே வந்து நீளம் பின்னே போகும். முழுப் புத்தகமும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நடிகர் நின்றால் மனத்துக்குள் மூன்று எண்ணு, பிறகு அடுத்த வரியின் முதல் இரண்டு சொல்லை மட்டும் கொடு, அதற்கு மேல் கொடுக்காதே என்று டைரக்டர் சொல்லியிருந்தாள். அதையும் பழகிக்கொண்டேன். ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. பாப்பா முப்பது ஆண்டாகக் கேட்டு வந்தது தையல்காரம்மாவின் குரலை. அலமாரிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தால் அவளுக்கு அது நாடகம். என் குரல் அவளுக்கு நாடகமல்ல. அது வீடு.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் தையல் வகுப்பு பெஞ்சுகளை இழுத்துப் போட்டார்கள். முதல் இரண்டு காட்சிகளும் பிசகில்லாமல் போயின. இரண்டு இடத்தில் எடுத்துக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். துளைகளின் வழியாக அவளுடைய தோளும் பாதி முகமும் மட்டும் எனக்குத் தெரிந்தன.

மூன்றாம் காட்சி. அளக்க வந்தவர்கள் போனார்கள். அவள் தனியாக நின்றாள். முதல் மூன்று வரிகளைச் சொன்னாள். நின்றாள். நான் மூன்று எண்ணினேன். "நீளம் எழுதினாங்க," என்றேன் மெதுவாக.

"நீளம் எழுதினாங்க," என்றாள். மறுபடி நின்றாள். இந்தமுறை தலை அலமாரிப் பக்கம் திரும்பியது. நாடகத்தில் அந்தத் திருப்பம் இல்லை.

"அகலம் எழுதினாங்க," என்றேன்.

"அண்ணா?" என்றாள்.

நான் மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

"அண்ணா, எங்க இருக்க? இது யாரு வீடு?"

முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவர்களுக்கு இது நாடகம். நாடகத்துத் தாய் என்றோ இறந்துபோன தன் அண்ணனைக் கூப்பிடுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். அது எனக்கு உடனே புரிந்துவிட்டது. இப்படியே கொண்டுபோய்விடலாம், யாருக்கும் தெரியாமல் இதைக் கடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நான் இப்படித்தான் நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவள் அலமாரியை நோக்கி வந்தாள். துளைகளில் வெளிச்சம் மறைந்தது. அவள் முகப்பவுடரின் வாசனை எனக்கு வந்தது. கதவின் விளிம்பில் விரலை விட்டு இழுத்தாள். நான் கயிற்றை இழுத்துப் பிடித்தேன்.

"அண்ணா, கதவத் திற. எனக்குப் பயமா இருக்கு."

எங்களுக்கு நடுவே கால் அங்குலப் பலகை. 'பாப்பா' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கயிற்றை விட்டிருந்தால் போதும், பலகைச் சரிவே கதவைத் திறந்துவிட்டிருக்கும். அதற்கு ஒரு முயற்சியும் தேவையில்லை. பிடித்திருக்கத்தான் பலம் தேவைப்பட்டது. கயிறு உள்ளங்கையை அறுத்தது.

"நான் இங்க இருந்ததை," என்று அடுத்த வரியைச் சொன்னேன்.

"அண்ணா."

"எதுல எழுதுவாங்க," என்றேன்.

அவள் மறுபடி இழுத்தாள். அப்போது, தன் முறைக்கு வெகுநேரம் முன்பாகவே, டிரைவர் மேடைக்குள் வந்துவிட்டார். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது.

"அம்மா, இங்க என்ன பண்றீங்க? வாங்கம்மா."

"உள்ள எங்க அண்ணன் இருக்கான்."

"இல்லம்மா. பழைய துணிதான் இருக்கு."

"பேசுறான். நான் கேட்டேன்."

"யாருமில்லம்மா. நான் இருக்கேன்ல. என் கையப் பிடிச்சுக்குங்க."

பிறகு கதவின் மேலிருந்த இழுவை விட்டுப்போயிற்று. எலக்ட்ரீஷியன் விளக்கை மெல்ல மெல்ல இறக்கினான். திரை மூடியது. கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. அலமாரிக்குள் உட்கார்ந்து அதை நான் கேட்டேன்.

மிச்ச நாடகத்தை டிரைவரே தூக்கிக்கொண்டு போனார். பாப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அவர் இருவருக்கும் சேர்த்துப் பேசினார். முடிந்ததும் நான் வெளியே வந்தேன். மளிகைக்கடைக்காரர், ஓய்வு பெற்ற தலைமைக் காவலர், கூடத்தின் தலைவர் என்று ஒவ்வொருவராக வந்து, "சார், உங்க தங்கச்சி இன்னிக்கு எங்களை அழ வச்சுட்டாங்க," என்றார்கள். நான் கைகூப்பி அதை வாங்கிக்கொண்டேன். முப்பது ஆண்டில் அவளுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். அதையும் அவள் சார்பில் நான் நின்று வாங்கினேன்.

ஒப்பனை அறையில், தையல் மெஷின்களுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். டைரக்டர் எண்ணெய் தொட்ட பஞ்சால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாப்பா கேட்டாள்.

"எங்க போயிருந்த?"

"வெளியதான் இருந்தேன் பாப்பா. மூணாவது வரிசையில."

"அலமாரிக்குள்ள உன் குரல் கேட்டுச்சு."

"அது வேற யாரோ."

டைரக்டரின் கை நின்றது. பாப்பா என்னைப் பார்த்தாள். "சரி," என்றாள். தீப்பெட்டியை வைத்துக்கொண்டு நின்ற அன்று அவள் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. இப்போது அந்தக் கேள்வி இல்லை.

மறுநாள் ஞாயிறு, அதே நாடகத்தை இரண்டாம் முறை போடும் நாள். காலை ஒன்பது மணிக்கு டைரக்டர் வீட்டுக்கு வந்தாள். பாப்பா உள்ளே படுத்திருந்தாள். நான் நாற்காலியைக் காட்டினேன். அவள் உட்காரவில்லை.

"இன்னிக்கு அக்கா வேணாம் சார். நான் புத்தகத்தக் கையில வச்சுப் படிச்சுடறேன்."

"அவளுக்குக் கொஞ்சம் காய்ச்சல். நாளைக்குச் சரியாயிடும்."

"காய்ச்சல் இல்ல சார்." அவள் குரலை உயர்த்தவில்லை. "எனக்குத் தெரியும். எட்டு மாசமாத் தெரியும். எங்க எல்லாருக்கும் தெரியும்."

"யார் சொன்னது?"

"அக்காதான். ஒருநாள் கடைக்கு வந்து, 'எனக்கு வார்த்தையெல்லாம் உதிர்ந்துட்டே இருக்கு, மேடையில என்னை விட்டுடாதீங்க'ன்னாங்க. அன்னிக்கே எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினோம். அதுக்குத்தான் வசனத்தைக் குறைச்சது. எந்தக் காட்சியிலயும் டிரைவர் அவங்க கைக்கு எட்டுற தூரத்துல இருக்கிற மாதிரி மாத்தினது."



"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அக்கா வாக்கு வாங்கிட்டாங்க சார். 'அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம். அம்மாவுக்கு ஆனப்ப அவன் பட்டது போதும். இன்னொரு தடவ அவன் தலை குனியறத நான் பாக்கக் கூடாது'ன்னாங்க. நீங்க வந்து அந்த இருபத்திரண்டு வரியக் கேட்டப்போ, சொல்லிடலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவங்களைப் பாத்தேன். அவங்க என்ன சொன்னாங்கன்னு நீங்களே கேட்டீங்க."

வாசல் வரை போனவள் திரும்பி நின்று கேட்டாள்.

"ஏன் சார் திறக்கல? நீங்க உள்ள இருக்கீங்கன்னுதான் நாங்க தைரியமா இருந்தோம். அவங்க கூப்பிட்டா நீங்க வெளிய வந்துடுவீங்கன்னு நெனச்சோம். வந்திருந்தா மிச்சத்த நாங்க பாத்துக்கிட்டிருப்போம். எவ்வளவு அபத்தமா இருந்தாலும் பாத்துக்கிட்டிருப்போம்."

அவள் போன பிறகு பாப்பாவின் அறைக்குப் போனேன். விழித்துத்தான் இருந்தாள். அவளிடம் ஏதோ சொல்ல நினைத்தேன். எனக்கு அந்தப் பழக்கமில்லை. "காப்பி போடட்டுமா?" என்றேன். "வேணாம்," என்றாள்.

முன்பெல்லாம் ஒரு பொருள் எது என்று தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுவாள். அன்று காலை முழுவதும் அவள் என்னைக் கூப்பிடவில்லை. மேசையில் இருந்த மூக்குக் கண்ணாடியைத் தேடி மூன்று அறையும் சுற்றினாள். கையைச் சுவரில் வைத்து வைத்து நடந்தாள். நான் வீட்டு ஹாலில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கடந்து இரண்டு முறை போனாள், கேட்கவில்லை. நானே எழுந்து எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோல, "தேங்க்ஸ்," என்றாள்.

மாலை ஐந்தரைக்கு அவளை அழைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். டைரக்டரிடம், திரை திறக்கும் முன் நான் ஒரு நிமிடம் பேச வேண்டும் என்றேன். பலகைப் படியில் ஏறித் திரைக்கு முன்னால் நின்றேன். முப்பத்தாறு ஆண்டு அரசாங்க வேலையில் நான் கூட்டத்தின் முன் நின்று பேசியதில்லை.

"இன்னைக்கு என் தங்கை நடிக்கல. அவளுக்கு நினைவு தப்புது. எங்க அம்மாவுக்கு இருந்த அதே நோய். நேத்து மூணாம் காட்சியில நீங்க பாத்தது நடிப்பு இல்ல. அவ என்னைக் கூப்பிட்டா. நான் அந்த அலமாரிக்குள்ளதான் இருந்தேன். திறக்கல. இதச் சொல்ல வேண்டியது என் கடமை."

கூடம் பதறும் என்று நினைத்தேன். பதறவில்லை. மளிகைக்கடைக்காரர் மெல்லத் தலையசைத்தார். சென்ற மாதம் பாப்பா அவர் கடைக்கு மூன்று முறை சர்க்கரை வாங்க வந்ததையும், மூன்றாம் முறை அவரே பொட்டலத்தைப் பிரித்துத் திரும்பப் போட்டுக்கொண்டு கையைப் பிடித்து வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டதையும் பிறகு சொன்னார். அந்த முகங்களில் ஒன்றில்கூட ஆச்சரியம் இல்லை. நான் காத்து நின்றது எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை. தெரியாததுபோல இருந்து அவர்கள்தான் என்னைக் காத்திருக்கிறார்கள்.

இறங்கி வந்து முன்வரிசையில் பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் விலக்கவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

திரை திறந்தது. மூன்றாம் காட்சியில் டைரக்டர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் வீட்டைப் பார்த்து அந்த இருபத்திரண்டு வரிகளையும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நன்றாகவே படித்தாள். பாப்பா முன்னால் சாய்ந்து, தான் என்றும் பார்த்திராத நாடகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பாவம் அந்தப் பொம்பள," என்று என் காதருகே சொன்னாள். "இவ்வளவு பெரிய வீட்டுல தனியாப் பேசிட்டு நிக்குது. அதுக்கு யாருமே இல்லையா?"

"அண்ணன் ஒருத்தன் இருக்கான்," என்றேன்.

"அவன் வரமாட்டான்," என்றாள், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.